கழுத்து இழுத்திருக்கு

எனக்குத் தலையிடி பிடரியில்தான் தொடங்கும். பின் கழுத்தில், முடி முளைக்கிற இடத்தில், யாரோ பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டே நிற்பதுபோல் ஒரு கனம். அது மெல்ல மேலே ஏறி, இரண்டு காதுகளுக்கும் மேலாகச் சுற்றி வந்து, நெற்றியில் முடிச்சுப் போட்டுவிடும். வாந்தி வராது. கண் கூசாது. பாயில் விழுந்து கிடக்கவேண்டும் என்றும் இல்லை. சமைக்கலாம், தைக்கலாம், வீட்டில் இருக்கிறவர்களை ஏசலாம். ஏசுவது கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். "இவவுக்குத் தலையிடி எண்டு தெரிய தலையப் பாக்கத் தேவையில்ல, வாயக் கேட்டாக் காணும்" என்று என் கணவர் சொல்வார்.

நான் வீட்டிலிருந்து தைக்கிறவள். களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கை. பள்ளிக்கூடம் புதுவருடத்துக்குத் திறக்கமுன் வெள்ளைத் துணி வந்து குவியும். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைப்பது கண்ணுக்குச் சத்துரு. மூக்கு ஊசியில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து, தோள் இரண்டையும் காதுவரை தூக்கிவைத்துக்கொண்டு தைப்பேன். அப்படித் தூக்கிவைத்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் அந்தக் காலத்தில் தலையிடி வரும். வேர்க்கொம்பை, அதுதான் சுக்கை, உரசி நெற்றியில் பத்துப் போடுவேன். நொச்சி இலை அவித்து ஆவி பிடிப்பேன். மல்லித்தண்ணி குடிப்பேன். பள்ளிக்கூடம் திறக்கும், வேலை குறையும், தலையிடி போய்விடும். அதை யாரும் பெரிதாக எடுத்ததில்லை, நானும்தான்.

போன முறை பள்ளிக்கூடம் திறந்தும் அது போகவில்லை.

அந்த நேரத்தில்தான் மகளுக்குக் கம்பஸ், பல்கலைக்கழக இடம், கிடைத்திருந்தது. எங்களுக்கு அவள் ஒருத்திதான். கிடைத்த இடம் தெற்கே, மாத்தறைப் பக்கம். முழுக்கச் சிங்கள ஊர். எங்கள் சொந்தத்தில் யாரும் அந்தத் திசைக்குக் கதிர்காமத்தைத் தாண்டிப் போனதில்லை. எனக்கோ சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. துணி கொண்டுவந்தவர்கள், கொண்டுபோனவர்கள், மீன் விற்கிறவர், எல்லோருக்கும் சொன்னேன். கேட்காதவர்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். பகலில் சந்தோசம். ஆனால் மெசினுக்கு முன் தனியாகக் குந்தினால் போதும், பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். ஏதாவது குறுக்கே வந்துவிடுமோ, இவள் போகாமல் நின்றுவிடுவாளோ என்று ஒரு பயம். அது ஏன் என்று சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கட்டுகிறவன் பெண் வீட்டுக்கு வந்துதான் இருப்பான். வீட்டோடு சேர்த்துத் தாய்தகப்பனும் அவள் பங்கு. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது என் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வாவிக்கு அந்தப் பக்கம் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றவர், மண்வெட்டியைப் பிடித்தபடியே வயலுக்குள் சரிந்தாராம். அதற்குமுன் கொஞ்ச நாளாகத் தலையிடி தலையிடி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா அப்போது உயிரோடு இல்லை. நான் பள்ளிக்கூடத்தால் நின்றேன். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மெசினைப் போட்டேன். தையல் தவிர வேறு எந்தத் தொழில் என்றாலும் வெளியே போகவேண்டும், அதனால் தையல். அவர் போகும்வரைக்கும், அதற்குப் பிறகும், இன்றுவரைக்கும் அந்த மெசின் அந்த இடத்தில்தான் இருக்கிறது. படிப்பை விட்டதில் எனக்கு இன்னும் கோபம். அப்பா மேல் இல்லை. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. என் மகள் அந்த மெசினுக்கு முன்னால் குந்தக்கூடாது, எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சரி. பத்தும் ஆவியும் கேட்கவில்லை. குளிசை போட்டால் கொஞ்சம் விடும், மறுபடி பிடிக்கும். மகள் பிடிவாதமாக என்னைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நோயாளி மட்டும் உள்ளே வரச்சொன்னார்கள். அவள் மருந்து எடுக்கிற வரிசையில் முன்கூட்டியே போய் இடம் பிடித்தாள்.

டொக்டர் சிங்களப் பிள்ளை, மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். ஆனால் தமிழ் பேசினார். சும்மா தமிழ் இல்லை, எங்கள் தமிழ். "வாங்க அம்மா, இரிங்க. என்ன செய்யிது?" என்றார். பிரஷர் பார்த்தார். கைகளை நீட்டச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார். பிறகு பின்னால் வந்து நின்று பிடரியிலும் தோளிலும் விரலால் அமத்திக்கொண்டு, "இங்கால கிறுகுங்க. இப்ப அங்கால கிறுகுங்க" என்றார். கிறுகு என்றால் திரும்பு என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்கே நாங்கள் விளக்கம் சொல்லவேண்டும். அவர் வாயில் அது என்ன வடிவாக வந்தது! அதனால்தான் அடுத்து அவர் சொன்னதையும் ஒரு எழுத்துக் குறையாமல் நம்பினேன்.

"அம்மாக்குக் கழுத்து இழுத்திருக்கு. அதுதான் தலையிடி" என்றார். "கவனமா இருக்கணும். இல்லாட்டி இன்னும் இழுக்கும்."

எங்கள் ஊரில் இழுத்திருக்கு என்றால் ஒன்றுதான் அர்த்தம். வாய் இழுத்திட்டு. கை இழுத்திட்டு. ஒரு பக்கம் இழுத்துப் போட்டுது. பாரிசவாதம் என்று அதன் பெயரைச் சொல்லவே ஆட்களுக்குப் பயம், அதனால் இழுத்திட்டு என்பார்கள். அவர் அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். தையலைக் குறைக்கச் சொன்னதுபோல் இருந்தது. எனக்குக் காது அடைத்துவிட்டது. "பயம் வேணாம் அம்மா" என்று அவர் தோளைத் தட்டியது மட்டும் ஞாபகம். என் அப்பாவுக்கும் அப்படித்தான் தட்டினார்கள்.

வெளியே வந்ததும் மகள் துண்டை வாங்கிப்போய் மருந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "டொக்டர் என்ன சொன்னவர்?"

"இழுக்கத் தொடங்கிட்டாம்" என்றேன். "கழுத்தில தொடங்கியிருக்காம். இனிக் கூடுமாம்."

அவள் கையிலிருந்த மருந்துப் பை கீழே விழுந்தது. இரண்டு பேரும் குனிந்து குளிசைகளைப் பொறுக்கினோம். குனிந்தபோது பிடரி விண்ணென்று வலித்தது. இதோ வருகிறது, இங்கேயே விழப்போகிறேன் என்று நினைத்தேன்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் கம்பஸ் போகல்ல" என்றாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"விசரா உனக்கு?" என்றேன்.

"உங்கள இப்பிடி விட்டுட்டு எப்பிடிப் போற?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "அவள் சொல்றதும் சரிதானே" என்றார். நல்ல மனிதர். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வெள்ளாமை செய்கிறவர், காலையில் போனால் பின்னேரம் பாதையில் ஏறித்தான் திரும்பி வருவார். பாதை என்றால் எங்களுக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவை. அவர் அப்பால் நிற்கும்போது நான் விழுந்தால் தண்ணீர் தாண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதை அவர் வாயால் சொல்லவில்லை. நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனேன். சாப்பாட்டில் கோபம் காட்டக்கூடாது என்று எனக்கும் தெரியும். கோபத்தைக் காட்ட அப்போது அதுதான் முன்னால் இருந்தது.

ஒழுங்கையில் செய்தி பரவ எவ்வளவு நேரம்? மறுநாள் காலையில் என் கணவரின் தமக்கை, எனக்கு மச்சாள், மகளுக்கு மாமி, வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டா. "ஐயோ புள்ள, தகப்பனுக்கு வந்தது உனக்கும் வந்திட்டே!" களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தா. தண்ணி ஓதிக்கொண்டு வந்து தெளித்தா. இழுப்புக்குப் புறா நல்லது என்று யாரோ அவவுக்குச் சொல்லி, அடுத்த நாள் ஒரு கூடையில் இரண்டு புறாக்களோடு வந்து நின்றா. இரத்தத்தைக் கழுத்தில் பூசவேண்டுமாம்.

"மச்சாள், அந்தச் சீவன்கள விடுங்க. இல்லாட்டி உங்கட கழுத்தில பூசிக்கொண்டு போங்க" என்றேன்.

"பாத்தீங்களே, வாய் இன்னும் இழுக்கல்ல" என்று அவ என் கணவரிடம் சொன்னா. அவ பகிடியாகச் சொன்னாவா, உண்மையாகவே ஆறுதல் பட்டாவா, இன்றுவரை எனக்குத் தெரியாது. புறா இரண்டும் எங்கள் கூரையிலேயே தங்கிவிட்டன.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் எழும்பியதும் கண்ணாடிக்கு முன்னால் நிற்பேன். சிரித்துப் பார்ப்பேன், வாய் கோணுகிறதா என்று. நாக்கை நீட்டிப் பார்ப்பேன், நேராக வருகிறதா என்று. கையைத் தூக்குவேன். தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு கடைவாயால் ஒழுகுகிறதா என்று பார்ப்பேன். ஊசியில் நூல் கோர்க்கும்போது ஒருமுறை தவறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டாம் முறையும் தவறினால் வந்திட்டுது, வந்திட்டுது என்று உள்ளுக்குள் ஒரு குரல். பயப்படப் பயப்படக் கழுத்து இறுகும். கழுத்து இறுக இறுகத் தலை இடிக்கும். தலை இடிக்க, பயம் இன்னும் கூடும்.

எல்லாவற்றையும்விட மகளைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. பதிவுக்குப் போகவேண்டிய நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. அவள் வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடந்தாள். துணி மடித்தாள், பொத்தான் வைத்தாள். ஒருநாள் நான் குசினியிலிருந்து வரும்போது மெசினுக்கு முன்னால் குந்தியிருந்தாள், ஒரு சட்டைக் கையைத் தைத்துக்கொண்டு. "ஒழும்பு அதால!" என்று நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் எழும்பிப் போனாள். நான் அந்த இடத்தில் குந்திக்கொண்டு அழுதேன். செத்தாலும் பரவாயில்லை, படுத்த கிடையில் விழாமல் செத்துவிடவேண்டும் பிள்ளையாரே என்று கும்பிட்டேன். அந்த நேரத்தில் அதை உண்மையாகவே கேட்டேன்.

இடையில் ஒருநாள் அவள் போட்டோக்கொப்பி எடுக்கப் போகிறேன் என்று போய்ச் சுணங்கி வந்தாள். வந்ததும் வராததுமாக வீட்டை மாற்றத் தொடங்கினாள். முதலில் என் தலையணை போனது. இலவம்பஞ்சை அடைத்து அடைத்து நான் உயர்த்தி வைத்திருந்த தலையணை. அதை எடுத்துவிட்டு, பழைய சேலை ஒன்றை உருட்டிப் பிடரிக்குக் கீழே வைத்தாள். பிறகு மெசினின் கால்களுக்குக் கீழே பலகைத் துண்டு வைத்து உயர்த்தினாள், நான் குனியத் தேவையில்லாமல். கதிரையில் முதுகுக்குப் பாயைச் சுருட்டி வைத்தாள். விளக்கை இடப்பக்கம் மாற்றினாள்.

"என்னடி இது?"

"நெட்டில பாத்தன். இப்பிடிச் செய்தா நல்லமாம்."

ஒரு சட்டை முடிந்தால் எழும்பவேண்டும், அது அவள் சட்டம். எழும்பி, தோளை மேலே தூக்கி, மூச்சை விட்டுக்கொண்டு தொப்பென்று கீழே போடவேண்டும். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, என் தோள்கள் கீழே இறங்குவதற்கு எவ்வளவு இடம் இருந்தது என்று. பிறகு நாடியை நெஞ்சுப் பக்கம் மெல்ல இறக்கிப் பொறுத்து நிற்கவேண்டும். காதைத் தோளை நோக்கிச் சாய்க்கவேண்டும். "இங்கால கிறுகுங்க. அவசரமில்ல. நோகிற இடத்தில நிப்பாட்டுங்க. இப்ப அங்கால" என்பாள். பின்னேரத்தில் துவாயைச் சுடுதண்ணீரில் முக்கிப் பிழிந்து பிடரியில் போடுவாள். சூடு ஆறமுன் அடுத்தது. பிறகு நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, மண்டையோடும் கழுத்தும் சேருகிற இரண்டு குழிகளிலும் பெருவிரலை வைத்து மெல்ல மெல்லச் சுற்றுவாள். முதலில் நோவில் உயிர் போகும். கொஞ்ச நேரத்தில் நெற்றி முடிச்சு இளகும். பிடரியைத் தொட்டால் நெற்றி ஏன் அவிழ்கிறது என்று எனக்கு அதிசயம்.

"பல்லக் கடிக்காதீங்க அம்மா" என்பாள். "வாய மூடுங்க, பல்லு ரெண்டும் முட்டக் கூடா."

"பல்லு முட்டாம என்னெண்டு மனிசர் இருக்கிற?"

"இருந்து பாருங்க."

இருந்து பார்த்தேன். கன்னம், காதுக்கு மேல், எல்லாம் இளகியது. இத்தனை வருடமாக நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறேன்.

பிளேன்டீயைக் குறைத்துத் தண்ணீர் கூடத் தந்தாள். பின்னேரத்தில் ஆற்றங்கரைக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போவாள். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கைகளை வீசிக்கொண்டு நடக்கவேண்டும், பை கொண்டுவரக்கூடாது. பாதை அப்பால் இருந்து வரும், அதில் அவர் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பது தூரத்திலேயே தெரியும். மூன்று பேரும் சேர்ந்து வீட்டுக்கு வருவோம்.

நோவு குறைந்தது. ஒருநாள் மத்தியானம்வரை வரவில்லை. பிறகு ஒரு நாள் முழுக்க வரவில்லை. வேறு யாராவது என்றால் சந்தோசப்பட்டிருப்பார்கள். எனக்குப் பயம் கூடியது. அப்பாவும் அன்று காலையில், "இண்டைக்குத் தலை நல்ல சுகமா இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வயலுக்குப் போனார். சுகம் என்றாலே எனக்கு அந்தக் காலைதான். இவள் செய்கிற இந்த ஒத்தடமும் எண்ணெயும் வரப்போகிறதைத் தள்ளிப்போடுகிறது, நிற்பாட்டவில்லை என்றுதான் நினைத்தேன்.

மறு கிளினிக் நாள் வந்தது. மகள் வருகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். டொக்டரிடம் நேரே கேட்கவேண்டிய ஒரு கேள்வி இருந்தது, அதை அவளுக்கு முன்னால் கேட்க எனக்கு மனமில்லை.

"டொக்டர், மறைக்காமச் சொல்லுங்க. எனக்கு எப்ப இழுக்கும்?" என்றேன். "மகள் கம்பஸுக்குப் போகவேணும். அதுக்கு முதலா, பிறகா? முதலெண்டா அவள் போகமாட்டாள். பிறகெண்டா, போய்ச் சேந்திடுவாள், அங்க படிப்புத் தொடங்கினாக் கிறுகி வரமாட்டாள். எனக்கு அது தெரிஞ்சாக் காணும்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "எப்ப இழுக்கும் எண்டு? அம்மா, இழுத்திருக்கு தானே. அது இப்ப நல்லா இளகி இருக்கு."

"இழுத்திருக்கா? எங்க? எந்தப் பக்கம்?" நான் கையைக் காலைத் தூக்கிப் பார்த்தேன். வாயைத் தொட்டுப் பார்த்தேன்.

பக்கத்தில் நின்ற தாதி மிஸ் கதிரவெளிக்காரி, மருந்துத் தட்டை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கிவிட்டா. "டொக்டர், இழுத்திருக்கு எண்டா எங்கட ஆக்களுக்குப் பாரிசவாதம்" என்றா. பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னா. டொக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ அம்மா! அது இல்ல. இது தசை." தன் கழுத்தைப் பிடித்துக் காட்டினார். "இறுகியிருக்கு. கயிறு மாதிரி. குனிஞ்சு தைக்கிறது, யோசிக்கிறது, பல்லக் கடிக்கிறது. சிங்களத்தில நாங்க இழுத்திருக்கு எண்டுதான் சொல்ற. உங்களுக்கு பிரஷர் நல்லம், எல்லாம் நல்லம். பாரிசவாதம் ஒண்டும் இல்ல." கண் கலங்கிவிட்டது அந்தப் பிள்ளைக்கு. "மன்னிச்சிக்கொள்ளுங்க அம்மா."

ஏசவேண்டும் என்று வாய் வந்தது. ஏச முடியவில்லை, அழுகைதான் வந்தது. மிஸ் ஒரு கிளாஸ் தண்ணீர் தந்தா.

"ஆனா நான் மகளுக்கு எல்லாம் சொன்னேனே" என்றார் டொக்டர். "அவங்க தனிய வந்து கேட்டாங்க. பாரிசவாதமா எண்டுதான் முதல் கேட்டாங்க. இல்ல எண்டு சொன்னேன். துவாய், தலகாணி, கழுத்துக் கிறுக்கிறது எல்லாம் எழும்பி நிண்டு காட்டிக் குடுத்தேன். நல்ல சிங்களம் பேசுறாங்க."

பஸ்ஸில் வரும்போது எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு ஒன்றுமில்லை, விழமாட்டேன் என்ற சந்தோசம் மட்டும். கல்லாறு தாண்டும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் வெயிலில் மினுங்கியது, நான் யாரோ தெரியாத பெண்ணிடம் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. போட்டோக்கொப்பி எடுக்கப் போனேன் என்றாளே. நெட்டில் பார்த்தேன் என்றாளே. அன்றிலிருந்து அவளுக்குத் தெரியும். இறங்கி ஒழுங்கையால் விறுவிறென்று நடந்தேன்.

அவள் அடுப்பில் தண்ணீர் வைத்துத் துவாயை மடித்து வைத்திருந்தாள். "வந்திட்டீங்களா? இரிங்கம்மா, ஒத்தடம் தாறன். டொக்டர் என்ன சொன்னவர்?"

"உனக்குத் தெரியாதா?"

முகம் வெளுத்துவிட்டது. நான் துவாயைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன்.

"நான் ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னால நிண்டு வாய் கோணுதா எண்டு பாத்தன். நீ பாத்துக்கொண்டுதானே நிண்டாய்? சாவெண்டாலும் வரட்டும், கிடையில போடாத எண்டு கடவுளக் கேட்டன். பெத்த தாய்க்குச் செய்யிற வேலையாடி இது?"

"பொய் சொல்லல்லம்மா. சொல்லாம விட்டன்."

"ரெண்டும் ஒண்டுதான்!"

அவள் நிலத்தில் குந்திவிட்டாள். முகத்தைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு, "உங்களுக்குச் சுகமெண்டா நான் போகவேணும்" என்றாள்.

"போகத்தான் வேணும். அதுக்கென்ன?"

"எனக்குப் பயமா இருக்கு."

அவள் அழுது அழுது சொன்னாள். அங்கே யாரையும் தெரியாது. மூத்த மாணவர்கள் புதுப் பிள்ளைகளைப் பகிடிவதை செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். "சிங்களம் பேசுவன் அம்மா. பேசுறது வேற, அதுக்குள்ளயே நாள் முழுக்க இருக்கிறது வேற. நீங்க ஊர் முழுக்கச் சொல்லிட்டீங்க என்ட மகள் போறாள் எண்டு. எனக்குப் பயமெண்டு நான் ஆருக்குச் சொல்ற? இழுக்கும் எண்டு நீங்க வந்து சொன்ன அண்டைக்கு உண்மையா உங்களுக்காகத்தான் போகல்ல எண்டன். மறுகா டொக்டர் ஒண்டுமில்ல எண்டார். சந்தோசமா ஓடி வந்தன். ஒழுங்கை முடக்கில மாமி கண்டு, தங்கமான புள்ள, தாய விட்டுட்டுப் போகமாட்டா எண்டு கட்டிப் பிடிச்சா. அப்பிடியே வாயடைச்சுப் போச்சு. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டுட்டன்."

"மறுகா என்னத்துக்கடி வைத்தியம் செய்தாய்?" என்றேன். கோபத்தில்தான் கேட்டேன். "நோவோடயே விட்டிருந்தா உனக்கு வசதிதானே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இப்படியும் கேட்பார்களா என்ற பார்வை.

"நோகுது எண்டு நீங்க தலையப் பிடிச்சிக்கொண்டு இருந்தா, நான் பாத்துக்கொண்டு இருக்கேலுமா?"

ஒவ்வொரு நாளும் அந்தத் துவாயைப் பிழிந்து என் பிடரியில் போடும்போது அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது: இது இளகினால் நான் போகவேண்டும். தெரிந்துகொண்டே சூடு ஆறமுன் அடுத்தது போட்டாள். நானும் நிலத்தில் குந்தினேன். அவள் தோளைத் தொட்டேன். கல்லு மாதிரி இருந்தது. அப்போதுதான் முதல்முறையாக நான் அவளை ஒரு கேள்வி கேட்டேன். அதுவரை எல்லாம் நானே முடிவெடுத்து ஊருக்கும் சொல்லியிருந்தேன்.

"போவியா?"

"தெரியா."

"பயமெண்டாப் பயமெண்டு சொல்லு. ஆருக்கும் சொல்லாட்டி எனக்குச் சொல்லு. என்ட தலையச் சாட்டுச் சொல்லிக்கொண்டு நிக்காத" என்றேன். "நிக்கிறதெண்டாலும் உன்ட பயத்துக்கு நில்லு. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அதைச் சொல்லும்போது என் நெஞ்சு என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும். நிற்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டால் அந்த மெசினுக்கு முன்னால்தான் குந்துவாள். இரண்டு நாளாக அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வயலுக்குப் போனார். மூன்றாம் நாள் காலையில் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டு, "போய்ப் பாக்கிறன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் குசினிக்குள் போய் வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

நானும் அவரும் கூடப் போனோம். விடுதி வாசலில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதை, கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்பி வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன். யார் சொல்லியும் அன்றைக்கு என்னால் விடமுடியவில்லை.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் போன் அடித்தது.

"அம்மா" என்றாள். பின்னால் பெண்பிள்ளைகள் சிங்களத்தில் ஏதோ கத்திச் சிரிப்பது கேட்டது. "பயமா இருக்கம்மா."

தைரியமாக இரு என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிவிட்டேன். கையிலிருந்த சட்டையை மெசினில் வைத்துவிட்டு, "வாறியா?" என்றேன். "அப்பாவ இப்பவே அனுப்பவா?"

நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா" என்றாள். "சொல்லத்தான் எடுத்தன்."